ஆறு அறை, ஐந்து தோட்டா: போட்டிக்கு ரிவால்வர் வாங்கும் முன்

கௌபாய் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் ரிவால்வரை வாங்கிய பிறகுதான் என் பட்டறைக்கு வந்து, "இது சரிதானா?" என்று கேட்கிறார்கள். தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம்போல நீலமும் பழுப்புமாக மின்னும் சட்டம், வேலைப்பாடு செய்த கைப்பிடி, ஏழரை அங்குலக் குழல் என்று எல்லாம் கண்ணைப் பறிக்கும். பின்னால் இருக்கும் சுத்தியலான ஹேமரை மெதுவாக இழுத்துப் பார்த்தால், தோட்டா அறைகள் உள்ள உருளையான சிலிண்டர் ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளாது. அமெரிக்காவில் துப்பாக்கி பழுதுபார்ப்பதுதான் என் தொழில் என்பதால் இப்படிப்பட்டவை வந்தால் எனக்கு வருமானம்தான். ஆனாலும் அந்தப் பணத்தில் நீங்கள் தோட்டா வாங்கிப் பயிற்சி எடுத்திருக்கலாம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி 1987 முதல் நடத்திவரும் இந்தப் போட்டியில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளையோ அவற்றின் நகல்களையோதான் பயன்படுத்த வேண்டும். உறுப்பினர்கள் அந்தக் காலத்து உடையில் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. வழக்கமான ஒரு சுற்றில் இரண்டு ரிவால்வர்களில் தலா ஐந்து, லீவர் ரைஃபிளில் பத்து, அதன்பின் ஷாட்கன் என்று நேரம் பார்த்துச் சுட வேண்டும். இலக்குகள் எஃகுத் தகடுகள். ரிவால்வருக்கு உரியவை பெரும்பாலும் அருகிலேயே, பெரிதாக நிற்கும். ஒன்றைத் தவறவிட்டால் 5 வினாடி கூடும். நூறு அடி தூரத்தில் நாணயத்தைத் துளைக்கும் துல்லியம் இங்கே யாருக்கும் தேவையில்லை. பத்துத் தடவையும் தடங்கலில்லாமல் சுழன்று பூட்டும் சிலிண்டர்தான் தேவை.

எல்லோர் மனத்திலும் இருக்கும் வடிவம் கோல்ட் நிறுவனத்தின் 1873 சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. அசல் கோல்ட் விலை அதிகம் என்பதால் பெரும்பாலானோர் நகலுக்குத்தான் போகிறார்கள். அந்த நகல்களில் பெரும்பகுதி இத்தாலியின் பிரெஷா வட்டாரத்தில், உபெர்ட்டி, பியெட்டா ஆகிய தொழிற்சாலைகளில் உருவாகிறது. சிமரான், டெய்லர்ஸ் என்று குழலில் பொறித்திருப்பது அமெரிக்க இறக்குமதியாளரின் பெயர். ஆகவே பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கும் முன், செய்தது யார் என்று கேளுங்கள்.

இனி, நான் யாரிடமும் சுருக்கமாகச் சொல்லாத விஷயம். 1873 வடிவத்தில் தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி ஹேமரிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. ஹேமர் முழுவதும் இறங்கிய நிலையில் அதன் அடியில் தோட்டா இருந்தால், தோட்டாவின் அடியில் இருக்கும், அடிபட்டதும் பற்றிக்கொள்ளும் பிரைமரின் மேலேயே ஊசி படுத்திருக்கும். துப்பாக்கி கைதவறி ஹேமர் தரையில் பட்டால் வெடித்துவிடும். ஹேமரைச் சற்றே இழுத்தால் 'கிளிக்' என்று நிற்கும் முதல் வெட்டைப் பாதுகாப்பு என்று சிலர் நம்புகிறார்கள். அந்த வெட்டின் விளிம்பு மிக மெல்லியது. பலமான அடி விழுந்தால் உடைந்துவிடும். இது ஏட்டுப் பயம் அல்ல. 1876 ஜனவரியில் கான்சஸ் மாநிலத்து விசிட்டா நகர மதுக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்த, கௌபாய் காலத்துப் புகழ்பெற்ற காவலர் வயாட் ஏர்ப்பின் ரிவால்வர் உறையிலிருந்து நழுவி விழுந்து வெடித்தது. குண்டு அவருடைய கோட்டைத் துளைத்துக்கொண்டு போனதாக உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. அவரே அன்று காவல் பணியில் இருந்தவர்.

அதனால்தான் ஆறு அறைகளில் ஐந்தில் மட்டும் தோட்டா போட வேண்டும் என்ற விதி. ஒன்றைப் போடு, அடுத்ததை விடு, பிறகு நான்கைப் போடு, ஹேமரை முழுதாக இழுத்து, பிடித்துக்கொண்டே மெதுவாக இறக்கு. காலி அறை ஹேமரின் அடியில் வந்து நிற்கும். நகல்களில் இப்போது கூடுதல் பாதுகாப்பு உறுப்புகள் வருகின்றன. உபெர்ட்டியின் கேட்டில்மேன் 2 வகையில், விசையை அழுத்தாதபோது ஊசி உள்ளே இழுத்துக்கொள்கிறது. பழைய நகல்கள் சிலவற்றில் சிலிண்டரின் நடுத்தண்டில் இரண்டாவது பள்ளம் ஒன்று இருக்கும். தண்டை அதுவரை தள்ளினால் ஹேமர் முழுவதும் இறங்காது. சுடும் அதிர்ச்சியில் அந்தத் தண்டு தானாகவே பின்னால் நகர்ந்துவிட்டால் தோட்டா வெடிக்காமல் நிற்கும். 'துப்பாக்கி பழுது' என்று என்னிடம் வருகிறவற்றில் இதுவும் ஒன்று. எந்த உறுப்பு இருந்தாலும் போட்டியில் ஐந்துதான்.

அமெரிக்க நிறுவனமான ரூகரின் வக்கேரோவுக்கும் அதே விதிதான். 1993இல் வந்த அந்த ரிவால்வரை நேரடி நகல் என்று சொல்ல முடியாது. தோற்றம் பழையது; உள்ளே ஹேமருக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு தண்டு எழும்பினால்தான் அடி கடத்தப்படும். ஸ்பிரிங்குகள் பட்டையாக இல்லாமல் சுருளாக இருப்பதால் எளிதில் உடைவதில்லை. 2005இல் வந்த நியூ வக்கேரோ கோல்ட்டின் அளவிலேயே இருக்கிறது. பராமரிப்பில் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன். கோல்ட்டின் நான்கு 'கிளிக்' ஓசையும் பழைய உணர்வும் வேண்டும் என்பவர்கள் இத்தாலிய நகலை வாங்கட்டும். கூடவே விசைக்கும், சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து அதை நிறுத்தும் பூட்டுநாக்குக்கும் பொதுவான அந்தப் பட்டை ஸ்பிரிங்கில் ஒன்றைக் கூடுதலாகப் பெட்டியில் வைத்திருக்கட்டும். உடையும்போது அது சனிக்கிழமைக் காலைப் போட்டியில்தான் உடையும்.

பிராண்டைவிட முக்கியம் உங்கள் கை. ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். பிடியைத் தளர்த்தாமல் விரல் எட்டுகிறதா என்று பாருங்கள். சிறிய கை உள்ளவர்களுக்குத் தாழ்ந்து அகன்ற ஹேமர் பொருத்திய வகைகள் உதவும். பெரிய கைக்கு கோல்ட்டின் 1860 ஆர்மி ரிவால்வர் வடிவக் கைப்பிடி நன்றாக இருக்கும். குழல் நாலே முக்கால் அங்குலமாக இருந்தால் உறையிலிருந்து விரைவாக வரும், ஐந்தரை நிதானமாக நிற்கும். இரண்டும் சரியே. ஏழரை அங்குலம் படம் எடுக்க அழகு.

கடையில் அனுமதி கேட்டு, ஆறு அறைகளும் காலி என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஹேமரை மிக மெதுவாக இழுங்கள். மற்றொரு கையின் விரலை சிலிண்டரின் மேல் லேசாக வைத்து உராய விடுங்கள். ஹேமர் முழு நிலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பூட்டுநாக்கு பள்ளத்தில் விழ வேண்டும். ஐந்து அறைகளில் சரியாக விழுந்து ஆறாவதில் பிந்துவது உண்டு. ஆகவே ஆறையும் பாருங்கள். சிலிண்டரைச் சுற்றி முழு வளையமாகக் கீறல் இருந்தால் நாக்கு முன்கூட்டியே எழுந்து உரசுகிறது என்று பொருள். பிறகு ஹேமரை முழு நிலையில் நிறுத்தி, விசையைத் தொடாமல், கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்துங்கள். விழுந்தால் அதை மேசையில் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். விசை இலேசாக இருக்க வேண்டும் என்று யாரோ வீட்டில் தேய்த்திருக்கிறார்கள். பழைய துப்பாக்கியானால் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். இருண்ட வளையம் ஒன்று தெரிந்தால், குண்டு சிக்கிய குழலில் அடுத்த குண்டையும் சுட்டு வீங்க வைத்திருக்கிறார்கள்.

தோட்டா விஷயத்தில் பழமைப் பற்றாளர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். புதியவர்களுக்கு 357 மேக்னம் என்ற தோட்டாவுக்கான அறையுள்ள ரிவால்வரும், அதில் சுட 38 ஸ்பெஷல் தோட்டாவும்தான் என் தேர்வு. பின்னுதைப்பு குறைவு, தோட்டா மலிவு. 38-ன் கூடு குட்டையானது என்பதால் அறையில் கரி வளையம் படியும். தேய்த்துச் சுத்தம் செய்தால் போதும். 45 கோல்ட் கம்பீரமானது. ஆனால் அதன் கூடு கறுப்பு வெடிமருந்துக்காக அளவெடுத்தது. இன்றைய புகையில்லா மருந்து அதில் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். தவறி இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது, கண்ணுக்கும் தப்பிவிடும். வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள் ஒவ்வொரு கூட்டையும் விளக்கடியில் பார்த்த பிறகே குண்டை வைக்க வேண்டும். போட்டியில் ரிவால்வர் குண்டின் வேகம் வினாடிக்கு 1000 அடியைத் தாண்டக்கூடாது. மேலுறை இல்லாத ஈயக் குண்டுதான் அனுமதி. வேகமான மேக்னம் தோட்டாவுக்கு அங்கே வேலை இல்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பரின் துப்பாக்கியைப் பயிற்சிக் களத்தில் கையில் எடுப்பதும்கூடச் சிக்கலாகலாம். 'பழங்கால நகல்தானே' என்ற வாதம் தோட்டா சுடும் ரிவால்வருக்குப் பொருந்தாது. மாநிலச் சட்டம் வேறு இருக்கிறது. கடைக்குப் போகும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். கடையில் நிரப்பும் படிவத்தில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.

வாங்கியபின் முதல் நாளே குண்டு குறிக்குக் கீழே படுகிறது என்று அரத்தோடு வருவார்கள். இந்த ரிவால்வர்களின் குறிமுனை நகராதது. முன்குறிமுனையைத் தேய்த்தால் குண்டு படும் இடம் மேலேறும். தேய்த்ததை மீண்டும் வளர்க்க முடியாது. எந்தத் தோட்டாவை நிரந்தரமாகச் சுடப்போகிறீர்கள் என்று முடிவு செய்து, ஓரிரு பெட்டிகள் சுட்டுப் பழகிய பிறகு அரத்தை எடுங்கள். இடமோ வலமோ விலகினால் குழலையே சற்றுத் திருக வேண்டும். அதைப் பட்டறையில் விட்டுவிடுங்கள்.