உலாவி

மட்டக்களப்பு நகரின் கொமினிகேஷன் கடைகளில், பரீட்சைப் பெறுபேறு பார்க்க வரும் பிள்ளையிடம் "கூகுளைத் திறவுங்கள்" என்பார்கள். திறப்பது பெரும்பாலும் குரோம். கூகுள் தேடுபொறி, குரோம் அதே நிறுவனத்தின் பிரவுசர், அதாவது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலி. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவாவது பிரவுசருக்கு உலாவி என்ற தமிழ்ச்சொல் புழக்கத்துக்கு வரவேண்டும்.

பிரவுசரின் வேர் பழைய பிரெஞ்சு மொழியில், இளந்தளிரைக் குறித்த ஒரு சொல். ஆடும் மானும் கொழுந்தைக் கடித்தபடி நகர்வதை ஆங்கிலத்தில் முதலில் அது குறித்தது; நூல்களை அங்கங்கே புரட்டுவதற்குப் பின்னர்தான் ஆயிற்று. நேராகத் தமிழாக்கினால் 'மேய்வி' என்று வரும். மேய்ச்சல் தரை என்றாலே மயிலத்தமடுவும் மாதவனையும் நினைவுக்கு வருகிற இந்த மாவட்டத்தில் அதைச் சிரிக்காமல் சொல்ல முடியுமா? போதாததற்கு, நுனிப்புல் மேய்வது தமிழில் ஏச்சு.

இலங்கைப் பாடநூல்களில் மேலோடி என்ற சொல்லும் உண்டு. மேலோட்டமாகப் பார்ப்பது என்ற பொருளை அது காப்பாற்றுகிறது. ஆனால் விண்ணப்பப் படிவத்தை வரி வரியாக நிரப்புகிறவர் எதன் மேலே ஓடுகிறார்?

உலாவு என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்து உலாவி ஆயிற்று. வடிகட்டி, மின்தூக்கி போல. 'உலாவி வந்தான்' என்னும்போது அதே வடிவம் வினையெச்சம். எது எதுவென்பதை வாக்கியம் காட்டிவிடும். டிம் பேர்னர்ஸ் லீ 1990இல் முதல் உலாவியை எழுதிய பின் வந்தவற்றின் பெயர்களும் பயணத்தையே பற்றின: நெட்ஸ்கேப் நவிகேட்டர், இன்டர்நெட் எக்ஸ்புளோரர், சபாரி. அவ்வகையில் நம் சொல்லுக்கு நல்ல துணை இருக்கிறது.

உலாவியை மாற்ற நினைப்பவர் கவனிக்கவேண்டியது உள்ளிருக்கும் இயந்திரத்தை, அதாவது பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் நிரற்பகுதியை. குரோம், எட்ஜ், ஓப்பெரா, பிரேவ் எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் எழுந்தவை. எட்ஜ் 2020இல் அதற்கு மாறியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது சட்டை மாற்றுவது போலத்தான். வேறு இயந்திரம் வேண்டுமென்றால் பயர்பாக்ஸ் இருக்கிறது. ஆப்பிள் கணினியில் சபாரி.

பழையதை அழிக்கத் தேவையில்லை. ஒரே கணினியில் இரண்டும் இருக்கலாம். குறித்துவைத்த பக்கங்களைப் புதியது பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளும். உலாவிக்கு வெளியே, வேறொரு செயலியில் வரும் இணைப்பைச் சொடுக்கினால் பொதுவாக எது திறக்கிறதோ, அதுவே இயல்புநிலை உலாவி. விண்டோசில் இதை அமைப்புகளில், செயலிகள் பகுதியில் மாற்றலாம். மாற்றாமல் விட்டவர்தான், புதியதை நிறுவியும் பழையதே திறக்கிறது என்று கடைக்காரரிடம் வந்து முறையிடுவார்.