நாய் எதனால் கடிக்கிறது, சட்டம் எதைப் பார்க்க வேண்டும்

பெரிய நாய் ஒன்று யாரையாவது குதறிவிட்டது என்று செய்தி வந்தால், அடுத்த நாளே 'அந்த இனத்தையே தடை செய்ய வேண்டும்' என்ற பேச்சு எழுந்துவிடும். இலங்கையின் மலையகத்திலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு காலத்தில் அல்சேஷன், ரொட்வீலர் எல்லாம் தேயிலைத் தோட்டத் துரைமாரின் பங்களா கேட்டுக்குப் பின்னால்தான் இருந்தன. இப்போது ஹட்டன், பண்டாரவளை டவுன் வீடுகளிலும், கந்தப்பளை, ராகலைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களிலும் அவற்றைப் பார்க்கலாம். பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தடை கேட்பதற்கு முன் கடி என்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் போடும் சட்டம் கடிக்காத நாயைப் பிடித்துக்கொண்டு, கடிக்கப்போகிற நாயை விட்டுவிடும்.

"சும்மா இருந்த புள்ளய கடிச்சிருச்சு" என்று சொல்லாத ஊர் இல்லை. பிள்ளை சும்மா இருந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் நாய் ஒன்றுமே காட்டாமல் கடிப்பது அபூர்வம். முதலில் தலையைத் திருப்பிக்கொள்ளும். மூக்கை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். எதிரே இருப்பவர் விலகவில்லை என்றால் உடம்பைத் தாழ்த்தி, காதைப் பின்னால் ஒட்டி, வாலை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கும் பலன் இல்லையென்றால் அப்படியே விறைத்து நிற்கும். இந்த விறைப்புதான் முக்கியம். சில வேளை ஒரு வினாடி கூட நீடிக்காது, பார்க்கிறவர்களுக்கு நாய் அமைதியாகிவிட்டது போலத் தோன்றும். அப்புறம் உறுமல், பல்லைக் காட்டுதல், உடம்பில் படாமல் காற்றில் ஒரு கவ்வல். கடைசியில்தான் கடி. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதில் எதுவும் புரியாது. பிள்ளையின் முகம் நாயின் வாய் மட்டத்தில்தான் இருக்கும். அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு முகத்திலும் தலையிலும் கழுத்திலும் கடி விழுகிறது.

உறுமுகிற நாய்க்கு அடி போட்டு உறுமலை நிறுத்துகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அடி வாங்கிய நாய்க்குப் பயம் குறையாது. உறுமினால் அடி விழும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை உறுமாமல் கடிக்கும்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆபத்து என்று பட்டதும் மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதி ஹைப்போதலாமஸைத் தூண்டுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. சற்றுப் பின்னால் கோர்ட்டிசோல் என்ற பதற்ற ஹார்மோனும் ஏறுகிறது. இனி விலங்குக்கு முன்னால் இருப்பவை சில வழிகள்தான்: ஓடுவது, அசையாமல் நிற்பது, திருப்பித் தாக்குவது. ஓட வழி இருந்தால் பெரும்பாலான நாய்கள் ஓடிவிடும். கோர்ட்டிசோல் ஏறியது போல உடனே இறங்காது. தீபாவளி வெடிச் சத்தத்தில் காலையெல்லாம் நடுங்கிய நாய், மாலையில் சாப்பாட்டுத் தட்டருகே வந்த பிள்ளையைக் கடிப்பது இதனால்தான். வேறொரு நாளில் அதே பிள்ளை அதே இடத்தில் நின்றிருந்தால் நாய் எழுந்து போயிருக்கும்.

இப்போது சங்கிலிக்கு வருவோம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் தொங்கலில், கடைசிக் காம்பராவுக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டி, ஆறடிச் சங்கிலியில் ஒரு நாய். சங்கிலி எட்டும் தூரம் மட்டும் புல் முளைக்காமல் வட்டமாகத் தேய்ந்த மண். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகிறவர்கள், கொழுந்து எடுக்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆட்டோ, மீன் லொறி எல்லாம் அந்த வட்டத்தின் ஓரத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். நாய் பாய்ந்து குரைக்கிறது. ஆட்கள் போய்விடுகிறார்கள். அவர்கள் மலைக்குத்தான் போனார்கள் என்று நாய்க்குத் தெரியாது. நான் குரைத்தேன், அவர்கள் போனார்கள் என்றே அது கணக்குப் போடுகிறது. மாலையில் திரும்பி வருகிறார்கள், மறுபடி குரைக்கிறது, மறுபடி போய்விடுகிறார்கள். பாய்ச்சலுக்குத் தினமும் பரிசு கிடைக்கிறது. ஓடுவது என்ற வழியைச் சங்கிலி ஏற்கெனவே அடைத்துவிட்டது. இரவில் புலி வருகிற தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். சிறுத்தையைத்தான் இங்கே புலி என்பார்கள். மலையகத்தில் அது லயத்து நாய்களைத் தூக்கிப் போவது புதிதல்ல. கட்டிப்போட்ட நாய் அந்த வாசனையை முகர்ந்தபடி, ஓட முடியாமல், விடியும்வரை நிற்கிறது. இப்படி ஒரு வருடம் வாழ்ந்த நாயின் சங்கிலி ஒருநாள் அறுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதன் இனத்தைக் கேட்கத் தேவையில்லை.

இதற்கு எண்களும் உண்டு. அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆளைக் கடித்த 178 நாய்களை, அதே பகுதியில் இருந்த கடிக்காத 178 நாய்களோடு ஒப்பிட்ட ஆய்வு 1994இல் வெளிவந்தது. கடித்தவற்றில் ஆண் நாய்கள் மிக அதிகம். குடும்பக் கட்டுப்பாடு செய்யாத நாய்கள் கடிப்பதற்கான வாய்ப்பு சுமார் 2.6 மடங்கு, முற்றத்தில் சங்கிலியில் கிடந்தவை கடிப்பதற்கான வாய்ப்பு சுமார் 2.8 மடங்கு. இனமும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஜெர்மன் ஷெப்பர்டும் (நாம் அல்சேஷன் என்பது இதைத்தான்) சௌ சௌவும் கடித்த நாய்களின் பக்கம் கூடுதலாக இருந்தன. அதை மறைக்கக் கூடாது. முரட்டு நாய் என்பதாலேயே சிலர் கட்டிப்போட்டிருக்கலாம் என்ற எதிர்வாதமும் நியாயமானது. இரண்டையும் ஒத்துக்கொண்டாலும், நாயை எப்படி வைத்திருக்கிறோம் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

நாயின் குணம் குட்டியிலேயே பெரும்பகுதி அமைந்துவிடுகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை குட்டியின் மூளை புதியவற்றைப் பயமின்றி ஏற்கும். அந்த நாட்களில் பிள்ளைகள், குடை பிடித்தவர்கள், கூடை சுமப்பவர்கள், வாகனங்கள் எல்லாம் பழகிவிட்டால் அவை ஆபத்தில்லாதவை என்று பதிந்துவிடும். 1961இல் வெளியான ஒரு பரிசோதனையில், பதினான்கு வாரம்வரை மனிதர்களையே காணாமல் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்கைப் போல ஒதுங்கின, பிறகு பழக்கப்படுத்துவது மிகக் கடினமாக இருந்தது. காவலுக்கு என்று வாங்கிய குட்டியை 'ஆட்களோடு பழகினால் காவல் காக்காது' என்று கூட்டில் அடைத்து வளர்க்கிறார்கள். பயந்த பெரிய நாயைத் தயாரிக்க இதைவிட நிச்சயமான வழி எனக்குத் தெரியாது.

அப்படியானால் இனம் என்பது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நுவரெலியாவிலேயே அதற்குப் பழைய சான்று உண்டு. 1840களின் கடைசியில் இங்கே குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், மரை என்ற பெரிய மானை வேட்டையாடுவதற்கென்று நாய்க் கூட்டம் ஒன்றை வைத்திருந்தார். மோப்பம் பிடித்துத் துரத்த ஒரு வகை நாய், எட்டிப் பிடித்துக் கவ்வ இன்னொரு வகை. ஓநாயின் வேட்டை என்பது தேடுதல், உற்றுப் பார்த்தல், பதுங்குதல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல் என்று தொடர்ந்து வரும் செயல்கள். மனிதர்கள் நாயினங்களை உருவாக்கியபோது இந்தத் தொடரில் சில பகுதிகளைக் கூட்டி, சிலவற்றைக் குறைத்தார்கள். ஆட்டு மந்தை மேய்க்கும் நாய் உற்றுப் பார்த்துப் பதுங்கும், ஆனால் கடிக்காது. சில டெரியர்கள் கவ்வினால் விடாது. இவை பரம்பரையாக வருபவைதான்.

ஆனால் அந்நியரைக் கண்டால் எவ்வளவு எளிதில் சீறும் என்பது அப்படி ஒரே இனத்துக்குள் அடங்குவதில்லை. 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்றில் 18,000க்கு மேற்பட்ட நாய்களின் நடத்தை பற்றி உரிமையாளர்களிடம் கேட்டார்கள். அவற்றில் 2,000க்கு மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் வாசித்தார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தால் விளக்கக்கூடிய பங்கு சுமார் 9 சதவீதம்தான். சொல்பேச்சுக் கேட்பது போன்ற குணங்களில் இனத்தின் செல்வாக்கு ஓரளவு தெரிந்தது. சீண்டினால் எவ்வளவு சீக்கிரம் கோபப்படும் என்பதில் மிகக் குறைவு. இனத்தின் பெயரைக் கேட்டு ஒரு தனி நாயின் குணத்தைச் சொல்வது, ஊர்ப் பெயரைக் கேட்டு ஆளின் குணத்தைச் சொல்வது போல.

உடம்பு விஷயம் வேறு. இதில் நான் தடை கேட்பவர்களோடு ஒத்துப்போகிறேன். கடியின் பலம் மண்டையின் அளவையும் தாடைத் தசைகளின் பருமனையும் பொறுத்தது. பிட்புல்லின் தாடை பூட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை, எந்த நாயின் எலும்பிலும் அப்படிப் பூட்டு இல்லை. ஆனால் 50 கிலோ ரொட்வீலர் கவ்வி உலுக்கினால் வரும் காயமும், 15 கிலோ நாட்டு நாய் கடித்துவிட்டு ஓடுவதால் வரும் காயமும் ஒன்றல்ல. கடிக்கும் வாய்ப்பு வளர்ப்பைப் பொறுத்தது. கடித்தால் வரும் சேதம் அளவைப் பொறுத்தது. இந்த இரண்டையும் குழப்புவதால்தான் விவாதம் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய்கடித்து உயிர்போன 256 சம்பவங்களைக் கால்நடை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தார்கள். 87 சதவீதத்தில் தடுக்கக்கூடிய பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லை. 84 சதவீதத்தில் நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்யப்படவில்லை. 76 சதவீதத்தில் அது வீட்டு மனிதர்களோடு பழகாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த நாய். உறுதியாக இனம் சொல்ல முடிந்தது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான். இனம் கண்டுபிடிப்பதே பெரிய பாடு. அமெரிக்க நாய்க் காப்பகங்களில் 120 நாய்களை வைத்து நடத்திய சோதனையில் ஊழியர்கள் 62 நாய்களைப் பிட்புல் வகை என்றார்கள். மரபணுப் பரிசோதனையில் 25தான் அப்படி வந்தன. அங்கேயே அப்படியென்றால், பங்களா அல்சேஷனும் லயத்து நாயும் மூன்று தலைமுறையாகக் கலந்த நம் தோட்டங்களில் எந்த அதிகாரி எந்த நாயைப் பார்த்து என்ன இனம் என்று எழுதப்போகிறார்?

பட்டியல் போட்ட நாடுகளின் அனுபவமும் இருக்கிறது. பிரிட்டன் 1991இல் பிட்புல், ஜப்பான் டோசா, டோகோ ஆர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ ஆகிய நான்கையும் தடை செய்தது. ஆனாலும் இங்கிலாந்தில் நாய்க்கடிக்காக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட பெரியவர்களின் வீதம் 1998 முதல் 2018 வரை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. பட்டியலில் இல்லாத புதிய வகையாக எக்ஸ்எல் புல்லி வந்து உயிர்களைப் பறித்தபோது, 2024 பெப்ரவரியிலிருந்து அனுமதிச் சான்று இல்லாமல் அதையும் வைத்திருக்க முடியாது என்றார்கள். ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது அரசு கை கட்டி நிற்க முடியாது, அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பெயரைத் தடுத்தால் இன்னொரு பெயரில் குட்டி போடுகிறார்கள். நெதர்லாந்து 1993இல் கொண்டுவந்த பிட்புல் தடையை, கடி குறையவில்லை என்று 2008இல் கைவிட்டது. இத்தாலி நீண்ட இனப்பட்டியலை 2009இல் நீக்கிவிட்டு, நாயின் சொந்தக்காரர் மீது பொறுப்பைச் சுமத்தியது. இந்தியாவில் 2024 மார்ச்சில் 23 இனங்களுக்கு எதிராக ஒன்றிய அரசு அனுப்பிய சுற்றறிக்கையை அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது.

நம் நாட்டுக்குச் சட்டம் புதிதல்ல. விசர்நாய்க்கடி (ரேபிஸ்) பற்றிய கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இலும் வந்துவிட்டன. இன்றும் புழக்கத்தில் இருக்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வீட்டு விலங்கு தானாகப் பாய்ந்து காயப்படுத்தினால் சொந்தக்காரரின் கவனக்குறைவை நிரூபிக்காமலே நட்டஈடு கேட்கலாம். காயப்பட்டவரே சீண்டியிருந்தால் அது வேறு. இந்த வழி இருப்பதே லயத்தில் பலருக்குத் தெரியாது.

விசர்நாய்க்கடி இதில் நமக்குக் கிடைத்த பெரிய பாடம். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் ஆண்டுக்கு 300க்கு மேற்பட்டோர் அந்த நோயால் இறந்தார்கள். இப்போது அது 20, 30 பேர் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. எந்த இனத்தையும் தடை செய்து இது நடக்கவில்லை. நாட்டு நாயோ பங்களா நாயோ, கிடைத்த நாய்க்கெல்லாம் தடுப்பூசி போட்டார்கள், கடிபட்டவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து கொடுத்தார்கள். வைரஸ் காயத்திலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறுகிறது, அதனால்தான் கடித்த பிறகு போடும் ஊசிக்கும் நேரம் இருக்கிறது. நாய் கடித்தால் உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். சின்னக் கீறல்தானே என்று விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஆக, நாய் வளர்ப்பை ஒழுங்குபடுத்த வேண்டுமா என்றால் கட்டாயம் வேண்டும் என்பேன், ஆனால் இனப்பெயரை வைத்து வேண்டாம். எல்லா நாய்க்கும் பதிவும் தடுப்பூசியும் வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டுக்குத் தோட்டத்துக்கே மிருக வைத்தியர் வரவேண்டும். ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் வேலை, போனால் சம்பளம் போகிற குடும்பம் நாயைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போகாது. நடைபாதையை ஒட்டி நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைப்பதைத் தடுக்க வேண்டும். பெரிய நாய் வைத்திருப்பவருக்கு எடையைக் கணக்கில் எடுத்து வேலி, கேட், வெளியே கொண்டுபோனால் வார் என்று கூடுதல் நிபந்தனை போடலாம். ஒருமுறை கடித்த நாய் 5 கிலோவானாலும் கண்காணிப்புக்குள் வரவேண்டும்.

இதற்கெல்லாம் முதலில் கணக்கு வேண்டும். கடிபட்டவர் தோட்ட மருந்தகத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வரும்போது எழுதுகிற புத்தகத்தில் இன்னும் சில கேள்விகளுக்கு இடம் இருந்தால் போதும்: நாய்க்குச் சொந்தக்காரர் உண்டா, கட்டியிருந்ததா, அவிழ்ந்து திரிந்ததா, ஊசி போட்டதா, முன்பு யாரையாவது கடித்ததா, அந்த நேரம் பிள்ளையோடு பெரியவர் யாரும் இருந்தார்களா. ஒரு வருடம் இதை ஒழுங்காக எழுதினால், எந்த லயத்தில் எந்த முற்றத்துக்கு முதலில் போகவேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் தெரிந்துவிடும்.