தொக்கு விற்க 100 ரூபாய் பதிவு போதும்

ஆற்காட்டில் எங்கள் தெரு அக்கா ஒருவர் முள்ளுக் கத்திரிக்காய்த் தொக்கும் பருப்புப் பொடியும் போட்டு விற்கிறார். உணவு பாதுகாப்புப் பதிவு எடுக்க ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனார். 2,800 ரூபாய் கறந்துகொண்டு ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார்கள். அதில் மாவட்டம் வேலூர் என்றிருந்தது.

அவருடைய ஆதாரில் இன்னும் வேலூர்தான். சென்டர் பையன் அதைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டான். 2019-லேயே மாவட்டம் மூன்றாகி ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும் போய்விட்டன. ஒரு ஆபீஸில் "இது எங்க ஏரியா இல்லம்மா", இன்னொன்றில் "எங்க லிஸ்ட்ல வரலயேம்மா". இரண்டு நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை. விண்ணப்பத்தில் இப்போதைய மாவட்டத்தைத்தான் போட வேண்டும்.

உணவு பாதுகாப்புச் சட்டம் 2006-ல் வந்தது, பதிவு, லைசென்ஸ் விதிகள் 2011-ல். வீட்டு அடுப்பில் செய்து விற்றாலும் பதிவு வேண்டும், அவ்வளவுதான். 2011 விதிகளில் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். லைசென்ஸ் என்பது பெரிய வியாபாரத்துக்கு, அதற்கு ஆயிரக்கணக்கில் ஆகும். சென்டர்களில் சிலரை அதில்தான் தள்ளிவிடுகிறார்கள். உங்களுக்கு வந்த சான்றிதழில் இருக்கும் 14 இலக்க எண்ணைப் பாருங்கள்: 2-ல் தொடங்கினால் பதிவு, 1-ல் தொடங்கினால் லைசென்ஸ்.

ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசுத் தளத்தில் நீங்களே போடலாம். போட்டோ, அடையாள அட்டை, விலாசச் சான்று கையில் இருக்கட்டும். அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்ட தனியார் தளங்கள் உண்டு, கூகுளில் முதலில் வருவதை நம்பி பணம் கட்டாதீர்கள். தொழில் வகையில் உற்பத்தி என்று போடுங்கள். சில்லறை விற்பனை என்று மட்டும் போட்டால் நீங்கள் சமைப்பது பதிவிலேயே இல்லை என்றாகிவிடும்.

சென்டரில்தான் போட வேண்டுமென்றால் மொபைல் எண் கண்டிப்பாக உங்களுடையதாக இருக்கட்டும். அவர்கள் எண்ணைப் போட்டுவிட்டால் ஓடிபி அவர்களுக்குத்தான் போகும். விலாசம் மாற்றக்கூட அங்கேயே போய் நிற்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் காசு.

இதை ஆபீஸில் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், இல்லையென்றால் காரணத்தை எழுதி நிராகரிக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு நோட்டீஸ் விட வேண்டும். ஆய்வு என்றால் 30 நாளுக்குள் முடிவு. இந்தக் கெடுவுக்குள் சத்தமே இல்லையா? சிறு உற்பத்தியாளர் தொழிலைத் தொடங்கலாம் என்று அந்த விதியே சொல்கிறது. பின்னால் வந்து ஏதாவது திருத்தச் சொன்னால் செய்துதான் ஆக வேண்டும். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், நாள் கணக்கு அதிலிருந்துதான்.

அப்புறம் லேபிள். பொருட்கள், எடை, விலை, முழு விலாசம், பதிவு எண், பச்சைப் புள்ளி, தயாரித்த தேதி, எதுவரை சாப்பிடலாம் என்பது எல்லாம் இருக்க வேண்டும். தேதியை ஸ்கெட்ச் பேனாவில் எழுதாதீர்கள். தொக்கு எண்ணெய் பட்டால் முதலில் அழிவது அதுதான்.