தைல மரம் நின்றாலும் அது ஊர்க் காடுதான்: படிவம் சி கொடுப்பது எப்படி?

காட்டுக்குள் தைல மரமோ சீகையோ (வாட்டில் மரம்) தேக்கோ வரிசை பிடித்து நட்டுவிட்டால், அந்த இடத்தின் மேல் ஊருக்கு இருந்த உரிமை போய்விட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். போகவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஊரார் வழிவழியாகப் புழங்கிவரும் எல்லைக்குள் அடங்கிய பொதுக் காட்டைச் ‘சமுதாய வன வளம்’ என்கிறது. காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எல்லாமே அதில் வரும். நட்ட காடு, தானாக வளர்ந்த காடு என்று சட்டம் பிரிக்கவில்லை.

தனிநபர் நிலத்துக்குப் படிவம் ஏ. மேய்ச்சல், மீன், தேன், கடுக்காய் போன்ற பொது உரிமைகளுக்கு பி. காட்டைக் காக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் சி. இந்தப் படிவம் சி 2012 திருத்த விதிகளில் வந்தது. பி கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பி-யில் கிடைப்பது காட்டில் எடுத்துக்கொள்ளும் உரிமை. அடுத்த மழைக்கு அங்கே என்ன நடுவது என்று ஊர் முடிவு சொல்ல வேண்டுமானால் சி வேண்டும்.

முதல் சிக்கல் கூட்டத்திலேயே வரும். கிராம சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். உரிமைக் கோரிக்கை பற்றிய தீர்மானம் என்றால் கோருபவர்களிலும் பாதிப் பேர் இருக்க வேண்டும். பல குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சியில் இந்த எண்ணிக்கை லேசில் கூடாது. சட்டத்தில் ‘கிராமம்’ என்பதற்குள் பழைய குடியிருப்புகளும் அளக்கப்படாத ஊர்களும் அடங்கும். ஆகவே குடியிருப்பு அளவிலேயே சபையைக் கூட்டக் கேளுங்கள். அந்தச் சபைதான் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். கையெழுத்துப் பக்கத்தில் ஆண், பெண் எண்ணிக்கையைத் தனித்தனியாக எழுதி வையுங்கள். நல்ல கோரிக்கைகூட இந்த ஒரு பக்கம் இல்லாமல் திரும்பி வரும்.

அடுத்தது வரைபடம். இதில் அவசரம் கூடாது. ஊர்ப் பெரியவர்களும், விறகுக்கும் கிழங்குக்கும் போய்வரும் பெண்களும் முன்னே நடக்க, எல்லையைச் சுற்றி வர வேண்டும். ஓடை, பாறை, சாமி மரம், சுடுகாடு, பழைய மாட்டுப்பட்டி ஒவ்வொன்றிலும் நின்று ஜிபிஎஸ் புள்ளி எடுங்கள். நடவுப் பகுதியை ஒதுக்கிவிட்டு எல்லை போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதையும் உள்ளடக்கி, என்ன மரம், எந்த ஆண்டு நட்டது என்று குறியுங்கள். பக்கத்து ஊரோடு பகிர்ந்துகொள்ளும் இடம் இருந்தால் மறைக்க வேண்டாம். அதை எழுதப் படிவத்திலேயே இடம் உண்டு.

ஒன்றுக்கு மேற்பட்ட சான்று கட்டாயம். எங்கே எதை நடுவது, எப்போது வெட்டுவது என்று வனத்துறை எழுதி வைக்கும் செயல்திட்டமே சான்றுதான். வன உரிமை விதிகளில் 13ஆம் விதி அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நடவு எந்த ஆண்டு நடந்தது, அதற்கு முன் அது மேய்ச்சல் புல்வெளியா என்பதெல்லாம் அதில் இருக்கக்கூடும். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். பெரியவர்களின் வாக்குமூலம் கோரிக்கைதாரர் அல்லாதவரிடமிருந்து வர வேண்டும் என்பதால் பக்கத்து ஊர் மூத்தவரிடம் எழுதி வாங்குவது நல்லது.

கள ஆய்வுத் தேதியை வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு ஒப்புதல் வாங்குங்கள். அவர்கள் வந்து, பதவி, தேதி, கருத்தோடு கையெழுத்திட வேண்டும். வராமல் இருந்துவிட்டுப் பிறகு ஆட்சேபித்தால் மறு ஆய்வுக்கு அனுப்பப்படும். அதற்கும் வரவில்லையென்றால் கள ஆய்வு பற்றிச் சபையின் முடிவே இறுதி. சபைக்கு அடுத்தபடியாகக் கோரிக்கையைப் பார்க்கும் உட்கோட்டக் குழு நிராகரித்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். காரணம் எழுதாத நிராகரிப்பை ஏற்க வேண்டியதில்லை.

உரிமை ஆவணம் கைக்கு வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். அது கிராம சபையின் பெயரில் இருக்க வேண்டும்; கிராம வனக் குழுவின் பெயரில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வனக் குழு மத்திய அரசின் 1990 ஜூன் 1 சுற்றறிக்கை வழியில் வந்த கூட்டு வன மேலாண்மை ஏற்பாடு. அரசாணையில் பிறந்தது அரசாணையில் போய்விடும். வேறு பயனுக்கு எடுத்த காட்டுக்கு ஈடாகக் காடு வளர்க்கும் நிதிக்கான (ஈடுகாடு வளர்ப்பு நிதி) 2018 விதிகள் கலந்தாலோசனை பற்றிச் சொல்லும்போது ‘கிராம சபை அல்லது வனக் குழு’ என்கின்றன. ஊரைக் கேட்காமலே நடவு நடப்பதற்கு அந்த ‘அல்லது’ வழிவிடுகிறது என்பதே எங்கள் கவலை. சபையின் எழுத்துத் தீர்மானத்தை முன்கூட்டியே வனச்சரகரிடம் கொடுத்து வைப்பதுதான் கைவசமுள்ள காப்பு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தைல மரத்தையோ தேக்கையோ வெட்டி விற்கும் உரிமை இந்த ஆவணத்தில் கிடைக்காது. தேன், கடுக்காய் போன்ற சிறு வன மகசூல் மட்டுமே சட்டத்தில் ஊருக்குச் சொந்தம். மூங்கில் அதில் சேரும். 2009இல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு உரிமை பெற்ற மகாராஷ்டிரத்துக் கட்சிரோலி மாவட்டத்தின் மேந்தா லேகா ஊர், 2011 முதல் தன் அனுமதிச் சீட்டிலேயே மூங்கில் விற்றது. மரத்தை வெட்டுவது வனத்துறையின் செயல்திட்டப்படிதான். ஆனால் காட்டைக் காக்கக் கிராம சபை அமைக்கும் குழு எழுதும் மேலாண்மைத் திட்டத்தை அந்தச் செயல்திட்டத்தோடு இணைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எந்தப் பகுதியில் சீகையைக் கலைப்பது, அங்கே எந்த நாட்டு மரம், எந்தச் சரிவில் எத்தனை ஆண்டு மேய்ச்சலை நிறுத்துவது, தீத்தடுப்புக் கோடு எங்கே என்பதையெல்லாம் சபையில் நிறைவேற்றி, தேதியிட்டு, அடுத்த நடவுக்குக் குழி தோண்டும் முன் கொடுத்துவிடுங்கள்.