கரை திரும்பாத வள்ளங்களும் 0.76 என்ற எண்ணும்

உப்புவெளியில் மாலை நேரங்களில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கணினி நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒரு பிள்ளையின் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகம புற்றுநோய் மருத்துவமனைக் கிளினிக்குக்குப் போவதென்றால் முதல் நாள் இரவே திருகோணமலையிலிருந்து புறப்பட்டுவிடுவார்கள். "பெரியம்மா இன்னும் எத்தனை வருஷம் இருப்பா எண்டு கொம்பியூட்டர் சொல்லுமா அண்ணா?" என்று ஒருநாள் கேட்டாள். தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கணக்கு ஏன் சாதாரணக் கணக்கு இல்லை? அதிகாலையில் திருக்கடலூர்க் கரையில் நின்று, இரவு கடலுக்குப் போன வள்ளங்கள் திரும்பும் நேரத்தை ஒரு கொப்பியில் குறிக்கிறோம் என்று வையுங்கள். ஏழு மணிக்குக் கொப்பியை மூட வேண்டும். ஆறு வள்ளங்கள் இன்னும் வரவில்லை. அவற்றை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால், எல்லோரும் வெள்ளெனவே திரும்பிவிடுகிறார்கள் என்ற பொய்யான முடிவு வரும். ஏழு மணி என்று எழுதினாலும் பிழை. நமக்குத் தெரிந்தது "ஏழு மணி வரை வரவில்லை" என்பது மட்டும். அது அரைகுறைத் தகவல்தான், ஆனாலும் தகவல்.

கரை சேர்வதை மரணத்தோடு ஒப்பிடுவது மனதுக்குச் சங்கடம்தான். ஆனால் கணக்கு ஒன்றே. ஆய்வு முடியும் நாளில் பல நோயாளிகள் உயிரோடு இருப்பார்கள், அது நல்ல செய்தி. சிலர் வேறு ஊருக்குப் போய்த் தொடர்பு விட்டுப்போயிருக்கும். இதைச் 'சென்சாரிங்' என்பார்கள். 1972இல் டேவிட் கொக்ஸ் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கொண்டுவந்த முறை இந்த அரைகுறைத் தகவலையும் வீணாக்காமல் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு மரணத்தின்போதும் அது ஒரு கேள்வி கேட்கும்: அந்த நேரத்தில் கண்காணிப்பில் இருந்தவர்கள் எல்லோரிலும் இவருக்கு ஏன் நேர்ந்தது? கட்டி பெரிதா, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்ததா, வயதா? அப்படிக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு காரணிக்கும் ஒரு எடை கண்டுபிடிக்கும். இப்படி எடைகளை வைத்து ஆபத்தைக் கணிக்கும் கணக்கைத்தான் 'மொடல்' என்கிறோம்.

சரி, மொடல் நன்றாக இருக்கிறதா என்று எப்படி அளப்பது? யாருடைய மொடல் சிறந்தது என்று பார்க்கும் போட்டிகளில் 'கொன்கோர்டன்ஸ்' என்ற அளவைப் பயன்படுத்துவதுண்டு. நாலு பெண்களை வைத்துப் பார்ப்போம். முதலாமவர் 2 வருடத்தில் இறந்தார். இரண்டாமவர் 5 வருடத்தில். மூன்றாமவரை 4 வருடம் வரை பார்த்தோம், பிறகு கிளினிக்குக்கு வரவில்லை. நாலாமவர் 8 வருடம் கடந்தும் நலம். நாலு பேரில் ஆறு சோடிகள் உண்டு. மூன்றாமவரையும் இரண்டாமவரையும் ஒப்பிட முடியாது, நாலு வருடத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பது தெரியாதே. மூன்றாமவரையும் நாலாமவரையும் ஒப்பிடவும் வழியில்லை. மிச்சம் நாலு சோடிகள். அதில் மூன்றில், முந்தி இறந்தவருக்கே ஆபத்து அதிகம் என்று மொடல் சரியாகச் சொல்லியிருந்தால் மதிப்பெண் 0.75. காசு சுண்டிப் போட்டுச் சொன்னால் 0.5 வரும். எல்லாம் சரியென்றால் 1.

இந்த அளவு வருடங்களைச் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். யாருக்கு யாரைவிட ஆபத்து அதிகம் என்ற வரிசையைத்தான் சரிபார்க்கிறது. பிள்ளை கேட்ட கேள்விக்கு இதற்குள் பதில் இல்லை. அதை அவளிடம் நேராகவே சொன்னேன்.

2012இல் சேஜ் பயோநெட்வேர்க்ஸ் நிறுவனமும் ட்ரீம் அமைப்பும் சேர்ந்து மார்பகப் புற்றுநோய்க்கென்று ஒரு திறந்த போட்டி வைத்தன. பிரித்தானியாவிலும் கனடாவிலும் சேகரித்த, மெட்டாபிரிக் எனப்படும் ஏறத்தாழ 2,000 கட்டிகளின் தரவு அதற்கு அடித்தளம். மருத்துவ விவரங்களோடு மரபணுச் செயற்பாட்டு அளவுகளும் இருந்தன. ஒரு பகுதியைப் பயிற்சிக்குக் கொடுத்து, மீதியை ஒளித்துவைத்தார்கள். போட்டியாளர்கள் அனுப்பியது வெறும் விடைகளை அல்ல. ஆர் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலையே அனுப்பினார்கள். சினாப்ஸ் என்ற தளத்தில் அந்த நிரல் ஓடி, ஒளித்த தரவில் மதிப்பெண் பெற்று, உடனே தரவரிசைப் பலகையில் ஏறும். எழுதிய நிரலை மற்றப் போட்டியாளர்களும் திறந்து பார்க்கலாம், எடுத்து மேம்படுத்தலாம். எனக்கு இந்தப் போட்டியில் மிகவும் பிடித்த விதி இதுதான்.

ஆனால் பலகைக்கு ஒரு நோய் உண்டு. திரும்பத் திரும்ப அனுப்பினால், ஒளித்துவைத்த விடைகள் மதிப்பெண் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எதுவுமே கற்காமல், கண்டபடி எழுதிய நூறு விடைகளை அனுப்பி, அதிர்ஷ்டத்தில் கொஞ்சம் நல்ல மதிப்பெண் வந்தவற்றை மட்டும் கூட்டிச் சேர்த்தாலே பலகையில் மேலே ஏறலாம். நோயைப் பற்றி ஒன்றும் தெரியாத மொடல் அது. இதைத் தடுக்க 2015இல் ஏவ்ரிம் பிளம், மொரிட்ஸ் ஹார்ட் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் ஒரு எளிய வழி சொன்னார்கள்: முன்னேற்றம் போதிய அளவு பெரிதாக இருந்தால் மட்டும் புதிய மதிப்பெண்ணைக் காட்டு, இல்லாவிட்டால் பழையதையே காட்டு.

ட்ரீம் போட்டியின் ஏற்பாட்டாளர்கள் எடுத்த மருந்து இன்னும் வலியது. கடைசித் தீர்ப்பை பலகையிடம் விடவில்லை. நோர்வேயைச் சேர்ந்த 184 பெண்களின் கட்டிகளிலிருந்து, அதுவரை யாருமே பார்க்காத தரவைப் புதிதாக உருவாக்கி, அதில் எல்லா மொடல்களையும் ஓட்டிப் பார்த்தார்கள். வென்றது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டிமிட்ரிஸ் அனஸ்டாசியோ குழு. மதிப்பெண் ஏறத்தாழ 0.76. பரிசு பணமல்ல, ஒரு மருத்துவ ஆய்விதழில் கட்டுரை.

அவர்கள் ஏன் வென்றார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல வகைப் புற்றுநோய்களிலும் ஒன்றாகவே கூடிக் குறையும் மரபணுக் கூட்டங்களை, யார் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பதைப் பார்க்காமலே, அவர்கள் முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஒரு கூட்டம் உயிரணு வேகமாகப் பிரிவதைக் காட்டும். இன்னொன்று உயிரணு பிடிவிட்டுப் பரவத் தயாராவதை. மற்றொன்று உடலின் நோயெதிர்ப்புப் படை கட்டிக்குள் வந்திருப்பதை. அவை பலகையைப் பார்த்துச் செய்தவையல்ல, ஆகவே கடல் கடந்தும் நிலைத்தன.

நம் பிள்ளையும் பொதுவெளியில் கிடைக்கும் மெட்டாபிரிக் விவரங்களை எடுத்து ஒரு மொடல் செய்தாள். முதல் நாளே "அண்ணா, 0.97!" என்று துள்ளினாள். அவ்வளவு நல்ல எண் வந்தால் சந்தேகப்பட வேண்டும். இருவருமாக அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையாகப் பார்த்தோம். 'நோயால் இறந்தார், உயிரோடு உள்ளார்' என்ற நெடுவரிசையையும் மொடலுக்கு ஊட்டியிருந்தாள். விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த மாதிரி. அதை எடுத்ததும் 0.66க்கு இறங்கியது. முகம் வாடிப்போனாலும், அந்த 0.66 உண்மையான உழைப்பு.

அப்புறம் அவளையே இன்னொரு கணக்குப் போடச் சொன்னேன். மார்பகப் புற்றுநோயின் ஆபத்தை அளக்கும் இங்கிலாந்தின் நொட்டிங்காம் குறியீடு மிகப் பழையது, கையாலேயே போடலாம். கட்டியின் அளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து 0.2ஆல் பெருக்கி, கட்டியின் தரத்துக்கு 1 முதல் 3, கணுக்களில் பரவியதற்கு 1 முதல் 3 கூட்ட வேண்டும். 2.5 சென்ரிமீற்றர் கட்டி, தரம் 2, இரண்டு கணுக்களில் பரவல் என்றால் 0.5, 2, 2. மொத்தம் 4.5, அதாவது நடுத்தர ஆபத்து. புதிய மொடல் எதுவானாலும் இப்படிப்பட்ட எளிய கணக்கை முதலில் தாண்டிக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

போன கிழமை அவள் வேறு கேள்வியோடு வந்தாள். "நோர்வேயில சரிவந்தது, எங்கட ஆக்களுக்குச் சரிவருமா?" அதைச் சோதிக்க நம் பெண்களின் கட்டி அளவும் தரமும் கணுக்களின் எண்ணிக்கையும் வேண்டும். எல்லாவற்றையும்விட, கடைசியாக எப்போது பார்த்தோம் என்ற திகதி வேண்டும். பெரியம்மாவின் கிளினிக் கொப்பியை அவள் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு வருகைக்கும் திகதி இருந்தது, வைத்தியரின் கையெழுத்தில். புதிதாக ஒரு அட்டவணையைத் திறந்து, பெயரை விட்டுவிட்டு, முதல் வரியை நிரப்பத் தொடங்கினாள்.