கொக்கி ஏறியதை யார் பார்த்தது?

தை மாதக் குளிரில் ஒரு ராத்திரி. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்தில், நாலு பக்கமும் ரப்பர் தோட்டம் சூழ்ந்த பெரியப்பா வீட்டில் உட்கார்ந்து 1974-ல் வந்த ஒரு அமெரிக்கப் படம் பார்த்தோம். டோபி ஹூப்பர் இயக்கிய ‘தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்’. ஐந்து இளைஞர்கள் வேனில் போகிறார்கள். மரம் அறுக்கும் மெஷினோடு ஒரு முகமூடிக்காரன் வருகிறான். ஒருத்தி மட்டும் தப்புகிறாள். கதை அவ்வளவுதான்.

முடிந்ததும் ஆளுக்கொரு படம் பார்த்தவர்கள் மாதிரிப் பேசினோம். பெரியம்மா முகம் வெளுத்திருந்தது. “அந்தப் பிள்ளைக்க முதுகுல கொக்கி ஏறினத பாத்தியா மக்களே? இனி எனக்கு உறக்கம் வராது.” பொறியியல் படிக்கும் தம்பிக்கு ஒன்றுமே ஆகவில்லை. “இதுல எங்க அண்ணா பயம் இருக்கு? படமே தெளிவா இல்ல, ஒரே புள்ளி புள்ளியா கெடக்கு.” பெரியப்பா வெகு நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “மெஷின் சத்தம் என்னைய ஒண்ணும் செய்யல. பட்டப்பகல்லயே கொல்லுதானே, அதுதான் ஒரு மாதிரி இருக்கு.”

மூன்று பேர் சொன்னதும் வெறும் ரசனை வேறுபாடு என்று என்னால் விட முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூளை செய்யும் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் அந்தக் கொக்கி. பெரியம்மா தூங்கப் போனபிறகு அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். கொக்கி தெரிகிறது. பெண்ணைத் தூக்குகிறான். அவள் முகம் தெரிகிறது, கீழே ஒரு தொட்டி தெரிகிறது. கொக்கி சதையில் ஏறும் இடம் படத்தில் இல்லவே இல்லை. காலையில் போட்டுக் காட்டியபோது, “நேத்து இருந்துச்சே” என்றுதான் பெரியம்மா சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மூளை அதை உண்மையிலேயே ‘பார்த்திருக்கிறது’.

இப்படி நடக்கும் என்பதை 2011-ல் பிரெண்ட் ஸ்ட்ரிக்லண்ட், பிராங்க் கீல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு எளிய சோதனையில் காட்டினார்கள். ஒருவர் பந்தை உதைக்க ஓடிவரும் வீடியோ. கால் பந்தில் படும் அந்த ஒரு கணத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அடுத்த காட்சியில் பந்து பறந்தால், கால் பட்டதைப் பார்த்தோம் என்று பார்வையாளர்கள் சொன்னார்கள். பந்து பறக்காமல் வேறு ஏதோ காட்சி வந்தால், அப்படிச் சொல்வது குறைந்தது. சில வினாடிகளுக்குள் நடந்து முடியும் வேலை இது. காரணமும் விளைவும் கையில் இருந்தால் நடுவில் உள்ளதை மூளை தானே எழுதிக்கொள்கிறது. எழுதியது எது, கண்ட காட்சி எது என்று பிறகு அதற்கே பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஹூப்பர் ரத்தத்தை அதிகம் காட்டாததற்குக் காரணம் ஒன்று உண்டு. கொஞ்சம் தாராளமான தணிக்கைச் சான்றிதழ் கிடைக்கும் என்று அவர் நம்பியிருந்தார். அது கிடைக்கவில்லை. காட்டாமல் விட்ட இடங்கள்தான் படத்தின் பலமாகிவிட்டன. என்னைக் கேட்டால், இந்த வித்தை நம் மாவட்டத்துக்கு ஒன்றும் புதிதல்ல. அம்மன் கொடையில் நடுராத்திரிக்கு மேல் வில்லுப்பாட்டில் நீலி கதை பாடுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மடியில் தூங்கும் பெண்ணின் தலையைக் கீழே இறக்கிவிட்டுக் கல்லைத் தூக்கிப் போடும் இடம் வரும்போது மேடையில் இருப்பதெல்லாம் வில்லும் குடமும் உடுக்கையும்தான். கல்லும் இல்லை, ரத்தமும் இல்லை. முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி சத்தத்துக்கு வருவோம். இதில்தான் எனக்கு அதிக ஆச்சரியம்.

மனிதப் பேச்சில் சத்தம் ஏறி இறங்கும் வேகம் வினாடிக்கு நாலைந்து முறை. ஏறக்குறைய அசைக்கு ஒன்று. அலறல் அப்படியல்ல. அலறும்போது குரலின் உரப்பு வினாடிக்கு 30 முதல் 150 முறை வரை அதிர்ந்து நடுங்குகிறது. காது இதைத் தனித்தனி அதிர்வாகக் கேட்பதில்லை. ஒரு சொரசொரப்பாக உணர்கிறது. லுக் ஆர்னல், டேவிட் பேப்பல் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், சொரசொரப்பு கூடக் கூடக் கேட்பவர்களுக்குப் பயமும் கூடியது. ஆபத்தை எடைபோடும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியும் அதிகமாகக் கிளர்ந்தது.

இப்போது மரம் அறுக்கும் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். ஒரு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. சும்மா ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 2,700 முதல் 3,000 சுற்று. வினாடிக்கு வகுத்தால் 45 முதல் 50 வெடிப்பு. விசையை அழுத்தி 9,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் வினாடிக்கு 150. அலறலின் சொரசொரப்புக்கு உரிய அதே எல்லைக்குள்தான் இந்த மெஷினும் உறுமுகிறது. படத்தின் கடைசிப் பகுதியில் மெஷினும் அந்தப் பெண்ணின் அலறலும் ஒன்றோடொன்று கலந்து கேட்கும்போது உடம்பு கூசுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

டேனியல் பிளம்ஸ்டைன் என்ற உயிரியலாளர் மலைகளில் வாழும் மார்மட் என்ற அணில் இனத்தை ஆராய்பவர். குட்டியைப் பிடித்தால் அது போடும் கத்தலில் குரல் திடீரென உடையும், சுருதி தாவும், இரைச்சல் கலக்கும். அடங்காத அந்தக் குரல் அவருக்கே கலக்கத்தைக் கொடுத்தது. 2010-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் திரைப்படங்களின் ஒலித்தடங்களை அலசியபோது, திகில் படங்களில் இரைச்சல் கலந்த அலறல்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. உடுக்கையின் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும்போது சுருதி சட்டென்று சறுக்கி ஏறுகிறதே, அதற்கு முதுகுத்தண்டு சிலிர்ப்பதும் இந்த வகைதானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் பெரியப்பாவை மட்டும் ஏன் அந்தச் சத்தம் ஒன்றும் செய்யவில்லை? ரப்பர் நட்டு ஏழு வருஷத்தில் பால்வெட்டு தொடங்கும். இருபத்தைந்து, முப்பது வருஷம் வெட்டிய பிறகு தோட்டத்தையே அறுத்து மறுநடவு செய்வார்கள். அந்த நாட்களில் விடியலிலிருந்து பொழுது சாயும்வரை ஊரெல்லாம் மெஷின் சத்தம்தான். பெரியப்பாவின் காதில் அந்தச் சத்தம் என்றால் கூலி, தடி லாரி, அடுத்த வருஷக் கன்று. நரம்பியலாளர் ஜோசப் லெடூ சொன்ன இரட்டைப் பாதை இங்கே உதவும். ஒலி மூளைக்குள் போனதும் ஒரு குறுக்கு வழியில் உடனே அமிக்டலாவைத் தொடுகிறது. இன்னொன்று மூளையின் மேலடுக்கான புறணி வழியாகச் சுற்றி வந்து, அது என்ன சத்தம் என்று சொல்கிறது. முதல் பாதையில் பெரியப்பாவும் திடுக்கிட்டிருக்கலாம். இரண்டாவது பாதையில் நாற்பது வருஷ அனுபவம் வந்து, ‘மரம் அறுக்கான்’ என்று சொல்லி அடக்கிவிட்டது. நகரத்துப் பிள்ளைக்கு அப்படி அடக்கிச் சொல்ல உள்ளே ஆள் இல்லை.

தம்பி சொன்ன ‘புள்ளி’க்கும் இதே கணக்குதான். படம் எடுத்தது 16 மில்லிமீட்டர் சுருளில். அதன் ஒரு கட்டம், அதாவது ஃபிரேம், ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அகலம், ஏழரை மில்லிமீட்டர் உயரம். தியேட்டரில் ஓட்ட அதை 35 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினார்கள். பரப்பு நாலரை மடங்கு கூடியது. சுருளில் வெள்ளி உப்பு மணிகள் இருந்த இடங்களில் உருவாகும் நிறத் துகள்களும் கூடவே பெருத்தன. ஒரு கட்டத்தில் இருந்த துகள் அடுத்த கட்டத்தில் அதே இடத்தில் இருக்காது. வினாடிக்கு 24 முறை இடம் மாறும்போது படமே கொதிப்பது போலத் தெரியும்.

அந்தக் காலத்து அமெரிக்கரின் கண்ணுக்கு இந்தக் கொதிப்பு வேறொன்றாகப் பட்டது. அன்று டிவி செய்திகளை 16 மில்லிமீட்டரில்தான் எடுத்தார்கள். வியட்நாம் போரை வீட்டுக் கூடத்தில் இதே துகளோடு பார்த்தவர்களுக்குத் துகள் என்றால் நிஜம். உண்மைச் சம்பவம் போலப் பேசும் முன்னுரையும் சேர்ந்துகொண்டது. உண்மையில் விஸ்கான்சினில் நடந்த ஒரு குற்றத்தின் சில சாயல்களைத் தவிர மற்றதெல்லாம் கற்பனை. தம்பிக்கு அந்த நினைவு கிடையாது; அவனுக்குத் துகள் என்றால் பழசு. அதே தம்பி, ராத்திரியில் எடுத்த மங்கலான சிசிடிவி காட்சி என்று ஏதாவது போனில் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். எந்த மங்கல் நிஜம் என்று ஒவ்வொரு தலைமுறையும் தனியாகக் கற்றுக்கொள்கிறது. வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, காப்பிக்கு மேல் காப்பி போட்ட கேசட்டில் படம் பார்த்த காலத்தவர்களுக்கு அந்தக் கோடும் இரைச்சலுமே பயத்தின் பாதி.

ஒரு சின்னச் சேதி. ‘ரத்தத்தை உறைய வைக்கும்’ என்று சொல்கிறோமே, நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் 24 பேருக்கு ஒரு திகில் படமும் ஒரு கல்விப் படமும் போட்டுக்காட்டி ரத்தத்தைச் சோதித்தார்கள். திகில் படத்தின்போது, ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி என்ற புரதம் அதிகம் பேருக்குக் கூடியது. ஆனால் ரத்தம் உண்மையில் உறையவில்லை. காயம் பட்டால் அடைக்க உடம்பு தயாராகிறது, அவ்வளவே.

பயந்த பிறகு பிடித்தது, பிடிக்கவில்லை என்று பிரிவது எப்படி? பயத்தில் ஏறிய இதயத்துடிப்பு உடனே இறங்காது. டால்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர் சொன்னது, மிச்சமிருக்கும் அந்தக் கிளர்ச்சி அடுத்து வரும் உணர்ச்சியில் ஏறிக்கொள்கிறது என்பது. தப்பித்துவிட்டாள் என்ற நிம்மதி வந்தால் நிம்மதி பெருகும். அருவருப்பு வந்தால் அருவருப்பு பெருகும். இந்தப் படம் நிம்மதிக்கு இடம் தருவதே இல்லை. அவள் ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் ஏறி அழுகையும் சிரிப்புமாகப் போக, அவன் சூரியனுக்கு எதிரே மெஷினைச் சுழற்றிக்கொண்டு நிற்கும்போதே முடிந்துவிடுகிறது. ‘எப்பேர்ப்பட்ட படம்’ என்பவருக்கும் ‘இதையெல்லாமா எடுப்பார்கள்’ என்பவருக்கும் துடித்த இதயம் ஒரே அளவு துடித்திருக்கலாம்.

பெரியப்பா சொன்ன பகல்தான் என்னை விடவில்லை. அவர் நாலு மணிக்கு நெற்றியில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர். குளிர் இருக்கும்போதுதான் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். நாற்பது வருஷமாக அவருடைய பயம் எல்லாம் அந்த வெளிச்ச வட்டத்துக்கு வெளியேதான்: பன்றி, பாம்பு, திடீரென நின்றுபோகும் பூச்சிச் சத்தம். கிழக்கு வெளுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. பகல் அவர் உடம்புக்குத் தெரிந்த பத்திரம். படம் கை வைத்தது அந்த இடத்தில்.

மறுநாள் காலை ஏழரைக்குத் தோட்டத்துக்குப் போனேன். வெயில் இலைகளுக்கு நடுவே விழுந்துகொண்டிருந்தது. பெரியப்பா சிரட்டையிலிருந்து பாலை வாளியில் வடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் ஹெட்லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.