பரங்கிமலையில் நீண்ட சங்கிலி

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டி அளக்கத் தொடங்கினார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் நில அளவையின் முதல் கோடு அதுதான். நீளம் சுமார் ஏழரை மைல். அளந்து முடிக்கக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் பிடித்தது.

காரணம், சென்னை வெயில். சூட்டில் எஃகு நீளும். 10 டிகிரி கூடினால் 100 அடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். நீண்ட சங்கிலியால் அளந்தால் தூரம் குறைவாகத்தான் வரும். சுமார் 400 தடவை அதே சங்கிலியை வைத்து அளக்கும்போது பிழை 1.4 மீட்டர் ஆகிவிடும். முதல் கோட்டில் வந்த பிழை அதன்மேல் எழும் எல்லா முக்கோணங்களுக்கும் போகும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடார நிழலில், வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார் லாம்டன்.

அந்தத் தொல்லை இன்றும் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. அங்கே கடைசல் பட்டறையில் மில்லிமீட்டர் என்றால் மிகப் பெரிய அளவு. பேச்சே மைக்ரானில்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினிய பிஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் இருந்த அளவைவிட 35 டிகிரியில் அது 27 மைக்ரானுக்கு மேல் பெரிதாக இருக்கும். அளக்கும் மைக்ரோமீட்டர் எஃகு; அதுவும் சூட்டில் நீளும், ஆனால் அலுமினியத்தில் பாதிதான். ஜாபும் (அதாவது கடைந்தெடுத்த பொருளும்) அளக்கும் கருவியும் எஃகாக இருந்து, ஒரே சூட்டிலும் இருந்தால் இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். இங்கே அப்படி நடக்காது. 14 மைக்ரான் அளவுக்கு வித்தியாசம் மிஞ்சும். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓட விடும் இடைவெளியே சில பத்து மைக்ரான்தான் என்பதால், இந்த 14-ஐச் சும்மா விட முடியாது.

இதற்காகத்தான் நீளம் என்றாலே 20 டிகிரியில் உள்ள நீளம் என்று 1931-லேயே உலக அளவில் முடிவு செய்தார்கள். நல்ல அளவியல் கூடத்தில் ஏசி ஓடுவது ஆட்களுக்காக மட்டுமல்ல. மெஷினிலிருந்து சூடாக வந்த ஜாபை உடனே அளக்க மாட்டார்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம்கூட அப்படியே வைத்திருப்பார்கள். வெறும் கையால் நெடுநேரம் பிடித்திருந்தாலே அளவு மாறும். அங்குள்ள மைக்ரோமீட்டரை ஸ்லிப் கேஜ் என்ற, நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டையை வைத்துச் சரிபார்ப்பார்கள். ஸ்லிப் கேஜைச் சரிபார்க்க அங்கீகாரம் பெற்ற ஆய்வகம், அந்த ஆய்வகத்தின் கேஜுக்கு அதைவிடத் துல்லியமானது என்று போய், கடைசியில் டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லேசர் ஒளியில் முடிகிறது. 1983 முதல் மீட்டர் என்பதே ஒளி ஒரு வினாடியில் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் போகும் தூரம்தான். அம்பத்தூரில் செய்த போல்ட் ஜெர்மனியில் செய்த நட்டில் பொருந்துவது இந்தத் தொடர்ச்சியால்தான்.

ரத்தப் பரிசோதனைக்கும் இதே தொடர்ச்சி வேண்டும். சென்னையில் எச்பிஏ1சி என்ற பெயர் தெரியாத வீடு குறைவு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது; அதிலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்த்து மூன்று மாதச் சராசரியை ஊகிக்கிறார்கள். இந்த அளவைக் குறைத்து வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும் என்று 1993-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் அப்போது ஒரே ரத்தத்துக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு எண் வந்துகொண்டிருந்தது. 7 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள் என்று டாக்டர் சொன்னால், யாருடைய 7? 1996 முதல் ஆய்வகங்களின் முறைகளை அந்த ஆய்வின் அளவோடு ஒப்பிட்டுச் சீராக்கினார்கள். அதன் பிறகும் ஒவ்வொரு அளவிலும் கொஞ்சம் ஊசலாட்டம் உண்டு. போன வாரம் 6.9, இந்த வாரம் வேறிடத்தில் 7.1 என்றால் நோய் முற்றிவிட்டதாக அர்த்தமில்லை. மாத்திரையைத் தானாகக் கூட்டிக்கொள்பவர்களைப் பார்க்கும்போது, ரிப்போர்ட்டில் இந்த ஊசலாட்டத்தையும் அச்சடித்தால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் காற்று. வெப்பத்தைவிடப் பொல்லாத எதிரி இங்கே ஈரம். பிஎம்2.5 என்ற நுண்தூசியை (2.5 மைக்ரானும் அதைவிடச் சிறியதும்) அளக்கும் மலிவான கருவிகள் காற்றுக்குள் லேசரைப் பாய்ச்சி, சிதறும் ஒளியைக் கொண்டு தூசியைக் கணக்கிடுகின்றன. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் கடலுப்பு போன்ற துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிவிடும். ஒளி அதிகம் சிதறும். கருவி இல்லாத தூசியைக் காட்டும். போகி விடியற்காலையில் பனியும் புகையும் சேர்ந்து நிற்கும்போது எது எது என்று அதற்குத் தெரியாது. அரசுக் கண்காணிப்பு நிலையங்களில் உள்ள பெரிய கருவிகள் காற்றை லேசாகச் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு, நாடாவில் படிந்த தூசி பீட்டா கதிரை எவ்வளவு மறைக்கிறது என்று பார்த்து எடையைச் சொல்கின்றன. மலிவான கருவியைச் சில வாரம் அதன் பக்கத்திலேயே வைத்து, எந்த ஈரத்தில் எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்று குறித்துக்கொண்டால், அப்புறம் தெருவுக்குத் தெரு அதை நம்பி மாட்டலாம். மார்கழியில் எடுத்த திருத்தம் சித்திரைக்குப் பொருந்தாது. திரும்பவும் கொண்டுபோய் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.